அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை, அக்கா

கையுறை வரும் காலி அட்டைப் பெட்டி ஒன்று. அதற்குள் பதினொரு சீட்டுகள். பொது மருத்துவ வார்டில் பயிற்சிக்கு வந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள், அந்த மெடிசின் போஸ்டிங்கின் கடைசி நாளன்று எழுதிப் போட்டுவிட்டுப் போனவை. இரவு டியூட்டி ரூமில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 'நன்றாகச் சொல்லித் தந்தீர்கள்', 'சூப்பர் அக்கா', 'இன்னும் கொஞ்சம் நோட்ஸ் தரலாம்' என்று ஏழெட்டு. அதற்கு அடுத்த சீட்டில் இருந்தது இது: 'அக்கா, பதினாலாம் பெட் அம்மாவின் நெஞ்சில் நீங்கள் கேட்கச் சொன்ன சத்தம் எங்களில் யாருக்குமே கேட்கவில்லை. கேட்டது என்று சொல்லிவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.'

நான் அப்போது எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களால் நிறைந்திருக்கும் வார்டு எங்களுடையது. எனக்கும் சொந்த ஊர் கோட்டையூர் பக்கம்தான். அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரியில் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனவர் என் அப்பா. அத்தையும் டீச்சர். சொல்லிக் கொடுப்பது எனக்குத் தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அதனால் அந்தச் சீட்டு கொஞ்சம் ஆழமாகவே குத்தியது.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, அப்புறம் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். அதன்பின் எம்.டி. மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் இருப்பவர்களைத்தான் வார்டில் பிஜி என்பார்கள். மாணவர்களுக்கு நாங்கள் அண்ணா, அக்கா. வார்டின் தலைமை மருத்துவரான சீஃப் காலையில் ரவுண்ட்ஸ் வந்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் மாணவர்களுக்குக் கைக்கு எட்டும் ஆள் பிஜிதான். பல்ஸ் பார்க்கும்போது விரலை எங்கே வைப்பது, ஹிஸ்டரி எடுக்கப் போன இடத்தில் நோயாளி கோபப்பட்டால் என்ன செய்வது, சீஃப் எந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பார், இதெல்லாம் எங்களிடம்தான் வரும். இளநிலை மாணவர்களுக்குக் கற்பிப்பதில் பிஜிக்கும் பங்கு உண்டு என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் எப்படிக் கற்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. என் சீனியர் எனக்கு எப்படிச் சொன்னாரோ, அப்படியே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாலாம் பெட் அம்மாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கல்லல் பக்கத்துக் கிராமம். கல்யாண வீடுகளுக்குக் கைமுறுக்கு சுற்றுவது தொழில். சிறு வயதில் தொண்டைப் புண்ணில் ஆரம்பித்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டிய பென்சிலின் ஊசி எப்போதோ நின்றுபோயிருந்தது. இப்படி வால்வு சுருங்குவதுதான் மைட்ரல் ஸ்டெனோசிஸ். அதைப் படிக்கிற எவருக்கும் அப்படி ஒரு கேஸ் கிடைப்பது பெரிய வாய்ப்பு. சுருங்கிய வால்வு வழியே ரத்தம் பாயும்போது எழும் சத்தத்தை மர்மர் என்போம். இந்த நோயில் அது மிகவும் தாழ்ந்த ஸ்தாயி. இதயம் விரியும் நேரத்தில் அடியில் உருளும். நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெத்தின் பெல் பக்கத்தை, அதாவது குழிந்த பக்கத்தை, லேசாக, அழுத்தாமல், இதயத்தின் நுனியான ஏபெக்ஸ் துடிக்கும் இடத்தில் வைத்தால்தான் பிடிபடும். கொஞ்சம் அழுத்தினாலும் பெல்லுக்கடியில் தோல் இழுபட்டு, ஸ்டெத்தின் மறுபக்கத்துத் தட்டையான டயஃப்ரம் மாதிரி ஆகிவிடும். சத்தம் காணாமல் போகும்.

இத்தனையும் நான் வாயால் சொன்னேன். பதினொரு பேரும் வரிசையாக வந்து வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் 'கேக்குதா?' என்றேன். 'கேக்குதுக்கா' என்றார்கள். அடுத்த ஆள். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நல்ல வகுப்பு எடுத்த திருப்தியோடு அட்மிஷன் பார்க்கப் போனேன்.

இப்போது யோசித்தால் புரிகிறது. முதல் ஆள் 'கேக்குது' என்று சொன்ன பிறகு இரண்டாவது ஆள் 'கேக்கல' என்று எப்படிச் சொல்வான்? பின்னால் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அக்காவுக்கு அவசரம். நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். நானே மூன்றாம் ஆண்டில் எத்தனை மர்மருக்குத் தலையாட்டியிருக்கிறேன்! கடைசியாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் முதன்முதலாக உண்மையாகவே ஒன்றைக் கேட்டேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருந்தும், அந்தப் பக்கம் போய் நின்றதும் மறந்துவிட்டது.

பத்தாவது சீட்டு அதைவிடக் கனமாக இருந்தது. 'நாம் எல்லோரும் வைத்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார்கள். தனக்கு ரொம்ப முற்றிவிட்டது, அதனால்தான் இத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் சமாதானம் சொன்னேன். ஆனால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.'

அந்த அம்மா இன்னும் வார்டில்தான் இருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 'இவுக எல்லாம் படிக்கிற பிள்ளைக. உங்களுக்கு இருக்கிற சத்தம் படிப்புக்கு முக்கியமானது, அதனாலதான் வந்து கேட்டாங்க. முத்திப் போனதால இல்ல. முதல்லயே சொல்லாதது என் தப்புதான்மா' என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். 'அதை அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ராத்திரிப் பூராம் முழிச்சுக் கெடந்திருக்க மாட்டேனே தாயி' என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த இரண்டு விஷயங்களில் ஒன்றுகூட எனக்கு வேறு வழியில் தெரிந்திருக்காது. சீஃப் என் வகுப்பைப் பார்த்திருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தவர்கள் அந்தப் பதினொரு பேர் மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில் ஆத்தங்குடியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்திலேயே டைல்ஸ் பட்டறை. சிறு வயதிலிருந்து பார்த்த வேலைதான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக்கலவை போட்டு மட்டப்படுத்துவார்கள். பூ இருக்கும் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே கிடக்கும். வேலை செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, கண்ணாடியிலிருந்து எடுத்த பிறகுதான் கலர் எங்கே கலங்கியிருக்கிறது, எங்கே ஓரம் கசிந்திருக்கிறது என்று தெரியும். அன்று பட்டறையில் ஒரு பெரியவர் எடுத்த கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த கல்லுக்குக் கலவையைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கினார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். பெட்டியில் வந்த சீட்டுகள்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த பேட்ச் வந்தபோது சில விஷயங்களை மாற்றினேன். சிலது பலித்தது, சிலது இல்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன், என்னைப் போல இப்போது பிஜியாக இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில், கடைசி நாளில் கேட்பதை விட்டேன். போஸ்டிங் முடிந்து போகிறவர்கள் எழுதுவதால் அவர்களுக்கு என்ன லாபம்? என் தவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள், திருத்தத்தின் பலன் வேறு பேட்சுக்கு. மூன்றாம் நாளே கேட்க ஆரம்பித்தேன். நாலாம் நாள் காலையில் வகுப்பு தொடங்கும் முன் இரண்டு நிமிடம், 'நேற்று சீட்டில் வந்தது இது. இதை இன்றிலிருந்து மாற்றுகிறேன். இதை மாற்ற முடியாது, காரணம் இது' என்று சொல்லிவிடுவேன். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டால் அடுத்த வாரம் பெட்டியில் சீட்டு விழாது. விழுந்தாலும் 'சூப்பர் அக்கா'தான் விழும். ஒரு பேட்சில் வேலை மும்முரத்தில் அந்தப் பதிலை விட்டுவிட்டேன், அப்படியேதான் நடந்தது.

கேள்வியும் மாறியது. 'வகுப்பு எப்படி இருந்தது?' என்று கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். நம் பிள்ளைகள் மூத்தவர்களைப் பார்த்து நன்றாக இல்லை என்று சொல்லப் பழகியவர்கள் இல்லை. இப்போது இரண்டே கேள்விகள்தான். 'இன்று புரியாமலே தலையாட்டிய இடம் எது?' 'நாளைக்கு நான் எதைச் செய்யாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது?' முதல் கேள்வியில், தலையாட்டியிருப்பீர்கள் என்பதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆட்டினாயா என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்கிறேன். அது அவர்களுக்கு எழுதுவதை எளிதாக்கியது. ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடச் சொல்வதையும் முயன்று பார்த்தேன். நாலும் ஐந்துமாக வந்தது. அதை வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்வது?

பெயர் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பதினொரு பேர் உள்ள பேட்சில் கையெழுத்தே பெயர்தான். இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது பேட்சில் ஒருவர், 'நைட் டியூட்டி முடிந்த நாளில் நீங்கள் எரிந்து விழுகிறீர்கள். அன்று வகுப்புக்கு வரவே பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது மணி நேரம் தூங்காமல் நிற்கிறேன், அதன்பிறகும் சொல்லித் தருகிறேன், அதற்கு இதுவா என்று தோன்றியது. அந்த ஆத்திரத்தில் மாணவர்கள் எழுதிய கேஸ் நோட்டுகளை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். யார் என்று கண்டும்பிடித்தேன். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாள் அவளிடம் நான் கேள்வியே கேட்கவில்லை, அது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவள் எழுதியது அத்தனையும் உண்மை. அன்றிலிருந்து சீட்டுகள் நேராக என்னிடம் வருவதில்லை. பேட்ச் ரெப் எல்லாவற்றையும் போனில் ஒரே பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்புவார், அசல் சீட்டுகளைக் கிழித்துவிடுவார். என்னை நம்பச் சொல்வதைவிட, நான் தவறு செய்ய முடியாதபடி ஏற்பாடு செய்வது நல்லது என்று பட்டது.

லாக் புக் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2019-ல் சேர்ந்தவர்களிலிருந்து நாடு முழுக்கத் திறன் சார்ந்த பாடத்திட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு திறனுக்கும் லாக் புக்கில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து போடுவது நான் இல்லை. ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்து தள்ளிப் போகும் என்ற பயம் பிள்ளைகளுக்கு இருந்திருக்கிறது. அதையும் ஒரு சீட்டுதான் சொன்னது. அந்த வாரத்துக்கான பக்கங்கள் கையெழுத்தான பிறகே பெட்டியை வைப்பது என்று மாற்றிக்கொண்டேன்.

நைட் டியூட்டிக்கு மறுநாள் வகுப்பை என்ன செய்வது? ரத்து செய்தால் அவர்களுக்கு நஷ்டம். அன்றைக்கு ஒரே ஒரு விஷயம், பதினைந்து நிமிடம் என்று வைத்தேன். மண்ணீரல் தொட்டுப் பார்ப்பது என்றால் அது மட்டும்: வலது அடிவயிற்றில் ஆரம்பித்து இடது விலா ஓரம் நோக்கிக் கை எப்படி நகர வேண்டும், நோயாளியின் மூச்சோடு எப்படிச் சேர வேண்டும். ஒரு மாணவர் செய்வார், மற்றொருவர் திருத்துவார், நான் பக்கத்தில் நிற்பேன். 'இன்னிக்கு அக்கா டயர்டு, ரெண்டு தடவை கேட்டா கோபம் வரலாம், மன்னிச்சுக்கங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன நாட்களில் கோபம் வந்ததே குறைவு.

ஓபி நாட்களில் பதினைந்து நிமிடம்கூடக் கிடையாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவர்கள் சிலர் 1992-ல் எழுதியது. ஐந்து படிகள். என்ன நோய் என்று நினைக்கிறாய் என்று மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைப்பது, ஏன் என்று கேட்பது, ஒரே ஒரு பொது விஷயத்தைக் கற்றுத் தருவது, அவர் சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்வது, தவறைத் திருத்துவது. முன்பெல்லாம் நான் நேராக ஐந்தாவதற்குப் போய்விடுவேன். நாலாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. 'குட்' என்று சொல்வது அதில் சேராது. 'மூச்சுத் திணறல் என்றதும் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்டாயே, அது நல்ல கேள்வி' என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் கேட்டதை நாம் உண்மையிலேயே கவனித்திருக்க வேண்டும்.

எல்லாச் சீட்டுக்கும் ஆட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் குரல் கீச்சென்று இருப்பதாக ஒன்று வந்தது. பரீட்சைக்கு வருகிற கேள்விகளை மட்டும் சொல்லுங்கள் என்று ஒன்று வரும். ஒரு சீட்டு மட்டும் சொன்னால் மடித்து வைத்துக்கொள்வேன். மூன்று சீட்டு ஒன்றையே சொன்னால் அது என்னைப் பற்றியதுதான். மாணவர்களுக்குப் பிடித்த வகுப்பு எல்லாம் அவர்கள் கற்றுக்கொண்ட வகுப்பு என்றும் ஆகாது. நோட்ஸ் கொடுத்து, நாலு கதை சொல்லி, சீக்கிரம் விட்டுவிட்டால் பாராட்டு குவியும். அதனால் சீட்டோடு கூட இன்னொன்றையும் வைத்துக்கொண்டேன். மர்மர் கேட்ட பிறகு யாரும் யாரிடமும் பேசக் கூடாது. கேட்டதைத் தாளில் படமாக வரைய வேண்டும். முதல் சத்தத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு ஒரு கோடு, நடுவிலோ பின்னாலோ என்ன கேட்டதோ அது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் கோடுகளுக்கு நடுவே வெறுமையாக விட வேண்டும், அதில் வெட்கம் இல்லை.

முதல் முறை வரைந்தபோது பத்துத் தாளில் ஏழு வெறுமை. எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஏழு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். என் ஸ்டெத்தையே சரியான இடத்தில் வைத்து, பெல்லை நானே லேசாகப் பிடித்துக்கொண்டு, காதுமுனையை மட்டும் அவர்கள் காதில் மாட்டினேன். அவர்களுடைய மணிக்கட்டில் என் விரலால் தாளம் தட்டினேன். முதல் சத்தம் பலமாக ஒரு தட்டு, இரண்டாவது ஒரு தட்டு, ஒட்டினாற்போலச் சின்னதாக இன்னொன்று, அப்புறம் விரலை மெல்ல இழுப்பேன், அதுதான் மர்மர். தட்... ட-ட... தர்ர்ர். ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டான். சட்டென்று கண்ணைத் திறந்து, 'அக்கா, எங்க அப்பத்தா ரெண்டாங்கட்டுல திருகை சுத்துற மாதிரி இருக்கு, முன்வாசல்ல இருந்து கேட்டா' என்றான். இதைவிடச் சரியாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பேட்சிலும், தூரத்தில் திருகை சுற்றுவதைத் தேடுங்கள் என்றுதான் ஆரம்பிக்கிறேன். திருகையே பார்க்காத பிள்ளைகளுக்கு யூடியூபில் போட்டுக் காட்டுகிறேன்.

நோயாளி விஷயத்தில் வந்த மாற்றம் சின்னதுதான். வகுப்புக்கு முன்னால் தனியாகப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எத்தனை பேர் வருவார்கள், எதற்கு, எவ்வளவு நேரம், வேண்டாம் என்றால் வைத்தியத்தில் எந்தக் குறையும் வராது என்று சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்குகிறவராக இருந்தால் நாலு பேர்தான், மற்றவர்கள் சாயங்காலம். முடிந்ததும் மாணவர்களில் ஒருவர் பின்தங்கி நின்று, நோயாளிக்குக் கேள்வி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பதினாலாம் பெட் அம்மா டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் இன்னொரு முறை மாணவர்கள் போனார்கள், இந்த முறை நான்கு பேர். அவரே சேலையைச் சரிசெய்துகொண்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து, 'அங்கன இல்ல தம்பி, இன்னும் செத்த கீழ வையி. உங்க அக்கா இங்கனதான் வச்சாக' என்று சொல்லிக் கொடுத்தார்.

இப்போது எம்.டி. முடித்து, சீனியர் ரெசிடென்டாக இருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் பிஜிகள் மூன்று பேர் அவரவர் பெட்டியை வைத்திருக்கிறார்கள். நான் கேட்டதால் வைத்தார்கள், சீஃபும் தடுக்கவில்லை. முதலாண்டு பிஜி தம்பி ஒருவன் போன வாரம் தன் சீட்டுகளைப் படித்துவிட்டு முகம் சுண்டிப்போய் வந்தான். அவனோடு கேன்டீனில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, இதில் நாளைக்கே மாற்றக்கூடியது எது என்று மட்டும் பார்த்தோம். இரண்டு இருந்தது. இரண்டு போதும்.

என் பெட்டியில் இந்த வாரம் வந்ததில் ஒன்றுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. 'பெண்கள் வார்டில் மர்மர் கேட்க எங்களைக் கூப்பிடுவதே இல்லை, ஆண் மாணவர்கள் நாங்கள் ஆறு பேரும் திரைக்கு வெளியேதான் நிற்கிறோம்' என்று ஒன்று. அதே பக்கத்தில், 'திரை சரியாக மூடுவதில்லை, அந்த அக்கா கூச்சப்பட்டார்கள்' என்று இன்னொன்று. இரண்டும் நியாயம். நோயாளியின் கூச்சம்தான் முதலில், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்குக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரப் போகிற அந்த ஆறு பேரும் ஒரு பெண்ணின் இதயத்தைக் கேட்கத் தெரியாமல் போய்விடக் கூடாது. சேலைக்கு மேலே மூட ஒரு வெள்ளைத் துணி, கொக்கி விட்டுப்போன திரையைத் தைப்பது, கூடவே நிற்க ஒரு மாணவி அல்லது சிஸ்டர், இஷ்டப்பட்ட நோயாளி மட்டும், ஒரு நேரத்தில் ஒரே மாணவர். இப்படி எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வார்டு சிஸ்டரிடம் பேச வேண்டும். அதற்கு முன்னால் நோயாளிகளிடமும் கேட்க வேண்டும்.